தூர் இருந்தால் புல் திரும்பும்

வெயிலில் தீய்ந்தோ வெள்ளத்தில் ஊறியோ கெட்டுப்போன புல்தரையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஹோஸைத் திறந்துவிடத் தோன்றும். உர மூட்டையைப் பிரிக்கத் தோன்றும். மொத்தத்தையும் கொத்திப் போட்டுவிட்டுப் புதிதாகவே பதித்துவிடலாமா என்றும் தோன்றும். நெடுங்காலமாகப் புல்தரையோடு பழகுகிறவன் என்ற முறையில் நான் கேட்டுக்கொள்வது, முதல் சில நாட்கள் எதுவும் செய்யாமல் உட்கார்ந்து பாருங்கள் என்பதுதான். வானிலை கெடுத்ததில் பெரும்பகுதி தானாகவே தேறக்கூடியது. அதன் பிறகு நாம் பதறிப்போய்ச் செய்கிற வேலைகளால்தான் தேற வேண்டியதும் சேர்ந்து போய்விடுகிறது.

ஒரு கோடையில் அக்கா மகன் படம் அனுப்பியிருந்தான். சுவரிலிருந்து சுவர் வரை வைக்கோல் நிறம். "மாமா, எல்லாம் செத்துப்போச்சு. ஆளை வச்சு வெட்டி எடுத்துடட்டுமா?" என்று கேட்டான். "இருடா. நாலு இடத்துல ஒரு பிடி புல்லைப் பிடிச்சு இழுத்துப் பாரு. அப்புறம் பேசலாம்" என்றேன்.

இழுத்துப் பார்க்கிற விதம் ஒன்றும் கடினமில்லை. ஒரு கொத்துப் புல்லைத் தரையை ஒட்டிப் பிடித்து, வெடுக்கென்று பிடுங்காமல், நிதானமாக மேலே இழுக்க வேண்டும். விடமாட்டேன் என்று மண்ணைப் பற்றிக்கொண்டு நின்றால் வேர் பிழைத்திருக்கிறது. எந்த எதிர்ப்பும் இல்லாமல் கையோடு வந்துவிட்டால் அந்த இடம் அநேகமாகப் போய்விட்டது. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? ஒரு தூரை மண்ணோடு பெயர்த்தெடுத்துக் கழுவுங்கள். இலையும் வேரும் சேர்கிற இடத்தில், மண்மட்டத்தை ஒட்டி, சற்றுத் தடித்த ஒரு பகுதி இருக்கும். மேலே சுற்றியிருக்கும் காய்ந்த உறைகளை ஒவ்வொன்றாக உரித்துவிட்டு, பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ, நகத்தால் அழுத்தினால் ஈரம் தட்டுகிற மாதிரி இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகி, தேய்த்தால் தூளாக உதிர்ந்தால் இல்லை. கொழகொழவென்று வாடை அடித்தால் அது அழுகல். அதற்கு வெயிலைக் குறை சொல்ல முடியாது, தண்ணீர் தேங்கியிருக்கிறது.

நெற்பயிர் தூர் கட்டுகிறது என்கிறோமே, அதே தூர்தான் இது. பெரும்பாலான செடிகளுக்குக் குருத்து கிளையின் உச்சியில் இருக்கும். உச்சியைக் கிள்ளினால் அந்தக் கிளையின் வளர்ச்சி நிற்கும். புல்லுக்குக் குருத்து அடியில், மண்ணோடு மண்ணாக ஒளிந்திருக்கிறது. ஆடு மாடு மேய்ந்தாலும், வாரத்துக்கு ஒருமுறை இயந்திரம் சீவினாலும், மேலே இருக்கும் இலை முழுக்கக் கருகினாலும், அது அடியிலிருந்து மறுபடி இலை விடுகிறது. வறட்சி வரும்போது புல் முதலில் கைவிடுவது இலையைத்தான். இருக்கிற கொஞ்ச நீரையும் மாவுச்சத்தையும் தூரிலும் நிலத்தடித் தண்டிலும் பதுக்கிக்கொண்டு, வளர்ச்சியை நிறுத்திவிட்டு உறங்கப் போகிறது. நாம் சாவு என்று நினைப்பது பல நேரம் இந்த உறக்கம்தான்.

உறக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. குளிர்ப்பிரதேசப் புல் வகைகள் தண்ணீரே இல்லாமல் சுமார் 4 முதல் 6 வாரம் வரை தாங்கும். வெயில் கடுமையாக இருந்தால் அதற்கு முன்பே தூர் காயத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் பச்சையைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்க வேண்டாம், தூரைக் காப்பாற்றினால் போதும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 12 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் விட்டால் தூர் நனைந்து உயிர் தங்கும், புல்லும் எழுந்து உட்காராது. இன்றைக்கு நிறைய ஊற்றிப் பச்சையாக்கி, பத்து நாள் மறந்துவிட்டு, மறுபடி ஊற்றுவதுதான் எனக்குத் தெரிந்து மிகக் கொடுமையான வைத்தியம். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் புல் சேமிப்பில் கை வைக்கிறது. சேமிப்பு தீர்ந்த பிறகு வரும் வறட்சியில் அதற்கு எழுந்திருக்கத் தெம்பு இருக்காது. தொடர்ந்து தண்ணீர் விட முடியுமென்றால் விடுங்கள். முடியாதென்றால் நிம்மதியாக உறங்க விடுங்கள். தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் பழுப்பாகக் கிடக்கும் புல்தரையைப் பார்த்து யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை என்பதை நான் அழுத்திச் சொல்வேன்.

எல்லா இடமும் ஒரே மாதிரி காய்ந்திருக்காது. அந்த வித்தியாசத்தை உட்கார்ந்து படிப்பது எனக்குப் பிடித்த வேலை. 2013-ல் இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் தண்ணீர் பாய்ச்சும் குழாயின் நீளம் போதாமல் கல்வட்டத்தின் ஒரு பகுதிக்கு நீர் எட்டவில்லை. அங்கே காய்ந்த புல்லில், ஒரு காலத்தில் கற்கள் நின்றிருக்கக்கூடிய குழிகளின் தடம் தெரிந்தது. வட்டம் முழுமையாக இருந்ததா என்ற பழைய கேள்விக்கு அது ஒரு முக்கியமான தடயமாயிற்று. 2018 கோடையில் அதே நாட்டின் சாட்ஸ்வொர்த் மாளிகைப் புல்தரையில், 1699-ல் போடப்பட்டுப் பின்னர் புல்லால் மூடப்பட்ட தோட்டத்தின் பாதைகளும் பாத்திகளும் கோலமாகத் தெரிந்தன. அடியில் மண் ஆழமாக இருந்தால் புல் கொஞ்சம் அதிகமாகத் தாக்குப்பிடிக்கிறது, கல்லோ காரையோ இருந்தால் சீக்கிரம் காய்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

நம் புல்தரையும் இதே மொழியில்தான் பேசுகிறது. சிமென்ட் நடைபாதையை ஒட்டி ஒரு பட்டை மட்டும் முதலில் கருகினால், அது அந்தச் சிமென்ட் வாங்கி வைத்திருக்கும் சூடு. ஏதோ ஓர் இடத்தில் நேர்கோடாகவோ சதுரமாகவோ காய்ந்தால், கட்டட வேலை நடந்தபோது புதைத்துவிட்டுப் போன இடிபாடு இருக்கிறதா என்று தோண்டிப் பாருங்கள். மரத்தடியில் காய்ந்தால், மரத்தின் வேர் தண்ணீரை முந்திக்கொள்கிறது. வட்டவட்டமாக, விளிம்பில் வேறு நிறத்தோடு இருந்தால் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். புல்லைப் பிடித்துத் தூக்கினால் பாய் சுருட்டுவது போல மொத்தமாகச் சுருண்டு வருகிறதா? அடியில் வெள்ளைப் புழுக்கள் வேரைத் தின்றிருக்கும். இந்தக் கடைசி இரண்டையும் வெயிலின் கணக்கில் எழுதிவிட்டு மேலும் மேலும் தண்ணீர் ஊற்றினால் நிலைமை மோசமாகுமே தவிர தேறாது.

உங்களுடையது எந்தப் புல் என்று தெரியாமல் மேற்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. அருகம்புல், சொய்சியா, எருமைப்புல் எல்லாம் வெப்பக் கூட்டம். ஃபெஸ்க்யூ, ரைகிராஸ், புளூகிராஸ் எல்லாம் குளிர்க் கூட்டம். வெப்பக் கூட்டத்துக்கு 27 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை கொண்டாட்டம். குளிர்க் கூட்டத்துக்கு 15 முதல் 24 டிகிரிதான் சுகம், 30-ஐத் தாண்டினால் திணறல். காரணம் ஒளிச்சேர்க்கையில் இருக்கிறது. வெப்பக் கூட்டப் புற்கள் கரியமில வாயுவை இலைக்குள் ஓரிடத்தில் குவித்துப் பயன்படுத்துகின்றன. 1966-ல் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் கரும்பை ஆராய்ந்து இந்த வழியை விளக்கினார்கள். குவிக்கும் வசதி இல்லாத குளிர்க் கூட்டம், சூடு ஏறும்போது கரியமில வாயுவுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்து உழைப்பை வீணாக்குகிறது. இரவும் சூடாகவே இருந்தால், பகலில் சம்பாதித்ததை இரவு மூச்சிலேயே செலவழித்துவிடும். கடும் வெயிலில் அதற்கு உரம் போட்டு 'வளரு, வளரு' என்று நெருக்குவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து விளங்கும்.

இன்னொரு வித்தியாசமும் முக்கியம். அருகம்புல் தரைக்கு மேலே ஓடுதண்டும் தரைக்குக் கீழே நிலத்தடித் தண்டுமாகப் படர்வது. மேலே முழுக்கக் கருகினாலும் கீழேயிருந்து முளைத்து, பக்கத்துச் சொட்டையையும் தானே மூடிவிடும். புளூகிராஸுக்கும் நிலத்தடித் தண்டு உண்டு. ஆனால் ரைகிராஸும் உயரவகை ஃபெஸ்க்யூவும் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே கொத்தாக வளர்பவை. அங்கே ஒரு கொத்து செத்தால் அந்த இடம் அப்படியேதான் கிடக்கும், விதை போட்டுத்தான் ஆக வேண்டும். பொறுத்திருப்பதா, நடுவதா என்ற முடிவு பாதிக்கு மேல் இதைப் பொறுத்தது.

சரி, தண்ணீருக்கு வருவோம். நீண்ட வறட்சிக்குப் பிறகு தண்ணீர் விட்டும் புல் தேறவில்லை என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அங்கே போய் மண்ணைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். மேலே அரை விரல்கடை ஈரம், அதற்குக் கீழே பொடி. நன்றாகக் காய்ந்த மண், குறிப்பாக மணற்பாங்கான மண், தண்ணீரை ஏற்க மறுக்கும். மட்கும் இலைதழைகளிலிருந்தும் பூஞ்சைகளிலிருந்தும் வரும் மெழுகு போன்ற பொருள் மண்துகள்களின் மேல் படிந்துவிடுகிறது. ஈரம் இருக்கும் வரை அதனால் தொந்தரவு இல்லை. முழுக்கக் காய்ந்ததும் அது தண்ணீரைத் தள்ளத் தொடங்கும். நீங்கள் ஊற்றுவதெல்லாம் சரிவு இருக்கும் பக்கம் ஓடிப்போகும், அல்லது ஏதாவது ஒரு வெடிப்பு வழியாக ஒரே இடத்தில் இறங்கிவிடும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. காய்ந்த இடத்தில் ஒரு விரல் நீளத்துக்கு மண்ணைக் கட்டியாகப் பெயர்த்தெடுத்து, ஒரு காகிதத்தில் படுக்கவையுங்கள். மேலிருந்து கீழாக, சென்டிமீட்டருக்கு ஒன்றாக, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். நல்ல மண்ணில் சொட்டு விழுந்ததும் மறைந்துவிடும். 5 விநாடிக்கு மேல் முத்தாக உருண்டு நின்றால் அந்த மண் தண்ணீரைத் தள்ளுகிறது. பெரும்பாலும் மேலே உள்ள சில சென்டிமீட்டரில்தான் சொட்டு நிற்கும், அதற்குக் கீழே சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். பூதக்கண்ணாடி எதுவும் வேண்டாம், வெறுங்கண்ணாலேயே எந்த ஆழத்தில் கதவு அடைபட்டிருக்கிறது என்று பார்த்துவிடலாம். முதல்முறை செய்து பார்த்த அன்று, அந்தச் சொட்டு ஒளியோடு மண் மேல் அசையாமல் நின்றதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு மருந்து, கொஞ்சம் விட்டு, நிறுத்தி, மறுபடி விடுவது. பத்து நிமிடம் தெளிப்பான் ஓடட்டும். அரைமணி நேரம் நிறுத்தி வையுங்கள். மறுபடி பத்து நிமிடம். முதல் தவணை மேல்மண்ணை இளக்கும், அடுத்தது அதன் வழியே உள்ளே இறங்கும். அதற்கு முன்னால் முட்கரண்டி வடிவ மண்கிளறியை 8 அல்லது 10 சென்டிமீட்டர் ஆழம் வரை குத்தி, லேசாக ஆட்டி எடுத்தால் இன்னும் நல்லது. மண் நனைப்பான் என்று தனியாகக் கிடைக்கும் திரவத்தையும் அளவு பார்த்துக் கலந்து விடலாம், மணலில் நன்றாகவே வேலை செய்கிறது. பாத்திரம் கழுவும் திரவத்தை அதற்குப் பதிலாக ஊற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். புல்லுக்காகத் தயாரிக்கப்படாத அது இலையைக் கருக்கக்கூடும், வேண்டாம்.

களிமண்ணில் பிரச்சினை வேறு. அது தண்ணீரை மறுப்பதில்லை, மெதுவாகக் குடிக்கிறது. மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர்தான் உள்ளே இழுக்கும். மணல் 30-க்கு மேல் இழுத்துவிடும். தெளிப்பான் கொடுக்கிற வேகம் களிமண் குடிக்கிற வேகத்தைவிட அதிகமாக இருந்தால் மிச்சமெல்லாம் வாய்க்காலுக்குத்தான் போகும். அதனால் இங்கேயும் தவணை முறைதான் சரி, இடைவெளி மட்டும் இன்னும் நீளமாக இருக்கட்டும்.

எவ்வளவு விடுவது? வளர்ந்துகொண்டிருக்கும் புல்லுக்கு வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் என்பது பொதுக் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். ஆக 100 சதுர மீட்டர் புல்தரைக்கு வாரம் 2,500 லிட்டர். இந்த எண்ணை எழுதும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். தண்ணீர் அருமையான இடங்களில் இவ்வளவு பெரிய புல்தரை வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது நியாயமான கேள்வி. விடுவது என்று முடிவு செய்துவிட்டால் வீணாக்காமல் விட வேண்டும். நேரான பக்கங்கள் உள்ள நாலைந்து காலி டப்பாக்களைப் புல்தரையில் அங்கங்கே வைத்துத் தெளிப்பானை ஓடவிட்டால், எந்த மூலைக்கு எவ்வளவு விழுகிறது என்று அளவுகோலால் அளந்துவிடலாம். பக்கத்துப் பக்கத்து டப்பாவிலேயே ஒன்றில் இரட்டிப்பாக இருக்கும். 'நோய்' என்று நினைத்துக்கொண்டிருந்த பழுப்புத் திட்டு, தெளிப்பானின் கை எட்டாத மூலையாக இருப்பது அப்போதுதான் தெரியும்.

நேரம் என்றால் விடியற்காலைதான். காற்று அடங்கியிருக்கும், ஆவியாகிப் போவது குறைவு, வெயில் ஏறியதும் இலை காய்ந்துவிடும். இரவெல்லாம் இலை நனைந்து கிடந்தால் பூஞ்சைக்கு அழைப்பு வைத்த மாதிரி. தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, வாரத்துக்கு இரண்டு தடவை ஆழமாக விட்டால் வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகும். 25 மில்லிமீட்டர் தண்ணீர் மணலில் ஓரடி வரை இறங்கும், களிமண்ணில் நாலைந்து அங்குலம்தான். ஒரு நீளமான திருப்புளியை மண்ணில் செருகிப் பாருங்கள். ஈரம் உள்ள வரை வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்த இடத்தில் நின்றுவிடும்.

வெட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. உறங்கும் புல்லை வெட்டவே வேண்டாம், அதன் மேல் நடப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தூர் காலடியில் நசுங்கினால் அதோடு முடிந்தது. தேறத் தொடங்கிய பிறகு இயந்திரத்தின் உயரத்தைக் கூட்டிவைத்து, ஒரு தடவைக்கு இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் வெட்டுங்கள். மேலே இலை உயர்ந்தால் கீழே வேரும் இறங்கும், தரையிலும் நிழல் விழும். பிளேடு கூராக இருக்கட்டும். மழுங்கிய பிளேடு இலையை வெட்டாமல் கிழிக்கும். கிழிந்த நுனி வெளுத்து, அந்த வழியாக நீரும் போகும், நோயும் வரும்.

வெள்ளத்தின் கதை வேறு. வெயிலில் புல் தாகத்தில் தவிக்கிறது, வெள்ளத்தில் மூச்சுமுட்டுகிறது. மண்ணின் துளைகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிறைந்ததும், வேரும் நுண்ணுயிர்களும் இருக்கிற ஆக்சிஜனை ஓரிரு நாளில் தீர்த்துவிடும். குளிர்ந்த வெள்ளத்தைவிட வெதுவெதுப்பான தேக்கம் ஆபத்தானது. 10 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும், 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். சூட்டில் வேருக்கு மூச்சும் அதிகம் வேண்டும், கிடைப்பதோ குறைவு. அதனால் மழை நின்றதும் முதல் வேலை, தேங்கிய நீரை வடியவிடுவது. மண்வெட்டியால் ஒரு சின்ன வாய்க்கால் இழுத்துவிட்டாலே பாதிப் புல் பிழைக்கும்.

வடிந்த மறுநாளே உள்ளே இறங்கி வேலை செய்யக் கூடாது. இதை எவ்வளவு சொன்னாலும் போதாது. ஊறிய மண்ணை மிதித்தால் துளைகள் நசுங்கி, காய்ந்ததும் பாறையாகிவிடும். வெள்ளம் செய்யாத கெடுதலைச் செருப்புக்கால் செய்துவிடும். ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து விரலால் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் இறங்கலாம், அப்பளமாகச் சப்பையானால் இன்னும் பொறுங்கள். அவசரமாகப் போக வேண்டுமென்றால் பலகை போட்டு அதன் மேல் நடங்கள். இன்னொன்று: ஊருக்குள் புகுந்த வெள்ளத்தில் சாக்கடையும் கலந்திருக்கும். கையுறையும் பூட்சும் இல்லாமல் தொட வேண்டாம், குழந்தைகளைக் கொஞ்ச நாள் அந்தப் பக்கம் விட வேண்டாம்.

வெள்ளம் விட்டுப்போகிற வண்டல் வயலுக்கு வரம், புல்தரைக்குப் போர்வை. மெல்லிய படலம் என்றால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடலாம், அல்லது காய்ந்து செதில்செதிலாகப் பிளக்கும்போது வாரியால் உடைத்துவிடலாம். 2.5 சென்டிமீட்டருக்கு மேல் படிந்திருந்தால் அள்ளியே ஆக வேண்டும், அடியில் புல் வெளிச்சமும் காற்றும் இல்லாமல் செத்துவிடும். அள்ளிய பிறகும் மிச்சமிருக்கும் நுண்மண் பழைய மண்ணின் மேல் தனி அடுக்காக உட்கார்ந்துகொண்டு தண்ணீரை இறங்கவிடாது. மண் பதமானதும் மண்கிளறியால் குத்தி இரண்டையும் இணைத்துவிட வேண்டும். குத்தி எடுக்கும் மண்ணில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால், உள்ளே இன்னும் காற்று போகவில்லை என்று பொருள். குத்துவதைத் தொடருங்கள்.

கடல்நீர் ஏறியிருந்தால் உப்புதான் எதிரி. நல்ல தண்ணீரால் கழுவி உப்பைக் கீழே தள்ள வேண்டும். மண்ணின் மேல் ஓரடிக்குள் உள்ள உப்பில் பாதியை இறக்க, சுமார் 15 சென்டிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் தேவைப்படும், அதுவும் வடிகால் இருந்தால். சோடியம் ஏறிக் களிமண் குழைந்துபோயிருந்தால் ஜிப்சம் உதவும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும், பிறகு தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகும். உப்பே ஏறாத நிலத்துக்கு ஜிப்சம் போடுவது வீண்செலவு.

உறைபனியில் அடிபட்ட புல்லுக்குச் செய்யக்கூடியது குறைவு. பனி படர்ந்திருக்கும்போது மிதிக்கக் கூடாது, உறைந்த செல்கள் உடைந்து காலடித் தடம் அப்படியே கருகும். வெப்பக் கூட்டப் புல் குளிரில் செத்ததா உறங்குகிறதா என்று சந்தேகமாக இருந்தால், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை மண்ணோடு வெட்டி, தொட்டியில் வைத்து, வெளிச்சமும் கதகதப்பும் உள்ள ஜன்னலோரம் ஈரமாக வைத்திருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பச்சை எட்டிப்பார்த்தால் வெளியே இருப்பதற்கும் உயிர் இருக்கிறது. வசந்தம் வரும் வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு இது நல்ல ஆறுதல்.

அக்கா மகனுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டுமே. வெயில் தணிந்து ஒழுங்காகத் தண்ணீர் கிடைத்ததும் அவன் புல்தரையில் பெரும்பகுதி தூரிலிருந்து கிளம்பிவிட்டது. நடைபாதையை ஒட்டிய பட்டையும் நடுவே சில சொட்டைகளும் மட்டும் வரவில்லை. அங்கே மட்டும் நட்டோம். மொத்தத்தையும் பெயர்த்திருந்தால் செலவாகியிருக்கும் உழைப்பில் சிறு பங்குதான்.

நடுவதற்கு முன் செத்த புல்லை வாரியால் நன்றாக வாரி எடுத்துவிட வேண்டும். விதையோ கரணையோ மண்ணைத் தொட்டால்தான் பிழைக்கும், காய்ந்த சருகின் மேல் கிடந்தால் முளைத்ததும் வாடும். மேலாக மண்ணைக் கிளறி, மட்கிய எரு கொஞ்சம் கலந்துவிடுங்கள். அருகம்புல் மாதிரிப் படர்கிற வகைக்கு இரண்டு மூன்று கணு உள்ள தண்டுகளாக வெட்டி, ஒரு கணு மண்ணுக்குள்ளும் ஒன்று வெளியிலுமாக, சாண் அளவுக்குக் குறைவான இடைவெளியில் ஊன்றினால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். விதை என்றால் ரைகிராஸ் 5 முதல் 10 நாளில் எட்டிப்பார்க்கும், ஃபெஸ்க்யூ 7 முதல் 14 நாள், புளூகிராஸ் ஒரு மாதம்கூட எடுத்துக்கொள்ளும். அதுவரை மேல்மண் காயவே கூடாது. மேலே சொன்ன 'ஆழமாக, எப்போதாவது' என்ற விதி இங்கே மட்டும் செல்லாது. ஒரு நாளில் பலமுறை பூப்போலத் தெளிக்க வேண்டும். பருவமும் பார்க்க வேண்டும். குளிர்க் கூட்டத்துக்குக் கோடை முடிகிற நேரம், வெப்பக் கூட்டத்துக்குக் கோடை தொடங்கும் நேரம். சொட்டையைச் சீக்கிரம் மூட வேண்டுமென்றால், வேரும் மண்ணுமாக வெட்டியெடுத்த புல் பத்தை பதிக்கலாம். அடிமண்ணோடு இடைவெளி விடாமல் அழுத்திவிட்டு, வேர் பிடிக்கும் வரை இரண்டு வாரமாவது ஈரம் குறையாமல் வைத்திருக்க வேண்டும்.

காலியான இடத்தில் களை நமக்கு முந்தி வரும். கோரையைப் பிடுங்கினால் மேலே உள்ள இலை மட்டும் கையில் வரும், கீழே கிழங்குகள் சங்கிலியாக இருந்துகொண்டு மறுபடி முளைக்கும். கொத்தியால் கிழங்கோடு தோண்டி எடுக்கப் பொறுமை வேண்டும். களைக்கொல்லியை இப்போது எடுக்காதீர்கள். தேறிக்கொண்டிருக்கும் புல்லால் அதைத் தாங்க முடியாது, விதை முளைப்பதைத் தடுக்கும் வகையாக இருந்தால் நீங்கள் போட்ட விதையையும் சேர்த்தே தடுக்கும்.

உரத்தைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். புல் பச்சை கட்டி, ஒருமுறை வெட்டும் அளவுக்கு வளர்ந்த பிறகுதான். வெள்ளத்துக்குப் பின் புல் மஞ்சளாக இருந்தால், மண்ணிலிருந்த நைட்ரஜன் நீரோடு போயிருக்கும், காற்று இல்லாத மண்ணில் வாயுவாகவும் பறந்திருக்கும். அதற்குக் கொஞ்சம் தரலாம். நல்ல நிலையில் உள்ள புல்லுக்கே ஒரு தடவைக்கு 100 சதுர மீட்டருக்கு அரைக் கிலோ நைட்ரஜன்தான் உச்சவரம்பு. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் என்பதால் அது ஒரு கிலோவும் கொஞ்சமும் வரும். நோயிலிருந்து எழுந்த புல்லுக்கு அதில் பாதி போதும். காய்ந்த இலையில் தூவிவிட்டுப் போய்விடாமல் உடனே தண்ணீர் விட்டுக் கரைத்துவிடுங்கள். மண் பரிசோதனை செய்துகொள்ள முடிந்தால் அதைச் செய்துவிட்டு, என்ன குறையோ அதை மட்டும் போடுவது இன்னும் நல்லது.

புதிதாக நட்ட இடத்தை எப்போது வெட்டுவது என்று அவசரப்பட வேண்டாம். பழைய புல்லுக்கு வைத்திருக்கும் உயரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக வளரட்டும். மண் காய்ந்திருக்கும் ஒரு நாள் பார்த்து, கூரான பிளேடோடு, நுனியை மட்டும் எடுங்கள். அந்த முதல் வெட்டுக்குப் பிறகு பக்கத் தூர்கள் வெடித்துப் புல் அடர்த்தியாகும். அப்போதிலிருந்து தெளிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இடைவெளியைக் கூட்டி, வாரத்துக்கு இரண்டு முறைக்குக் கொண்டுவாருங்கள். விளையாடவும் நாற்காலி போடவும் இன்னும் மூன்று நான்கு வெட்டு போகட்டும்.